காலி மனையில் கருகிய பஞ்சுப்பூண்டு

திருப்பருத்திக்குன்றத்து அர்ஜுனனுக்கு, குடும்ப நிலம் விற்றுப்போன பிறகு, முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு களை மருந்து அடிப்பதுதான் தொழில். காலி மனை, வீட்டுப் பின்புறம், யார் கூப்பிட்டாலும் போவான். சொன்னால் சொன்னபடி செய்வான் என்று பெயர்.

ஒரு தை மாதக் காலையில், அவன் வழக்கமாக மருந்து அடிக்கும் மனையொன்றில் காவேரி குந்தியிருந்தாள். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் கலியாணசுந்தரத்தின் மகள். கல்லூரியில் தாவரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அவள் முன்னால் சாண் உயரம்கூட இல்லாத செடிகள். தண்டும் இலையும் பஞ்சு ஒட்டினது போல வெளுத்திருந்தன. நுனியில் மங்கிய மஞ்சளில் பொடிப் பூக்கள்.

“இது சூரியகாந்திக் குடும்பம்ணா,” என்றாள்.

“இந்தப் பஞ்சுப்பூண்டா?” அர்ஜுனன் சிரித்துவிட்டான்.

“ஆமாண்ணா. மழை விட்டதும் முளைச்சு, விதை வுட்டு, வெயில் ஏறினா செத்துப்பூடும். இங்கதான் நெறைய இருக்குது. விதை முத்தற வரைக்கும் மருந்து அடிக்காதீங்கண்ணா.”

“அட, என் கையிலதானேமா இருக்குது. அடிக்கமாட்டேன், போ.”

மனைக்காரர் போன் செய்தபோது அர்ஜுனனுக்கு அந்த நினைப்பு வராமல் இல்லை. வாங்குபவர்கள் இடம் பார்க்க வருகிறார்கள், பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூலை முடுக்கு விடாமல் அடித்துவிட்டான்.

காவேரி மறுபடி வந்தபோது செடிகள் பழுத்துக் கருகிக் கிடந்தன.

“என்னண்ணா ஆச்சு?”

மனையை ஒட்டிச் சாயப்பட்டறை வைத்திருந்த அலமுவின் வீட்டுப் பக்கம் அவன் கை நீண்டது. “அலமு அக்கா பட்டு நூல் வேகவச்ச சலவைச் சோடாத் தண்ணிய இங்கதான் ஊத்தும்மா.”

அலமு அங்கே ஊற்றுவது உண்மைதான். அதனால் பொய் லகுவாக வந்தது.

கலியாணசுந்தரம் அந்த அலமுவிடம்தான் பட்டு நூலுக்குச் சாயம் போடக் கொடுப்பார். மகள் அழுததைப் பார்த்து நூல் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அலமுவும் தன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டாள். இடுப்பு வலியோடு அந்தச் சோடாத் தண்ணீர்க் குடத்தைத் தெருக்கோடிக் கால்வாய் வரை தூக்கிப் போனாள். எதிரே வந்த அர்ஜுனன் குடத்தை வாங்கக் கை நீட்டினான்.

“வேணாம்பா. பாவம், அந்தப் பொண்ணு படிப்புக்கு வச்சிக்கினு இருந்ததாம். நான் கொன்னுட்டேன்,” என்றாள்.

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கிருந்து நேரே கலியாணசுந்தரம் வீட்டுக்குப் போனான். காவேரி உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றான்.

“நான்தான்மா மருந்து அடிச்சேன். அக்கா மேல பழி போட்டுட்டேன்.”

தறியில் இருந்த கலியாணசுந்தரம் எழுந்து வந்தார். காவேரி திட்டவில்லை.

“அடிச்ச அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா, முத்தின பூவையாவது கிள்ளிக்கினு வந்திருப்பேன்ணா.”



அன்று மாலையே கலியாணசுந்தரம் நூலோடு அலமு வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பின்னாலேயே நின்ற அர்ஜுனனை அலமு ஏற இறங்கப் பார்த்தாள். “கூசாம என் பேரச் சொன்னியேபா,” என்றாள். நூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காவேரிக்கு அந்தச் செடி அடுத்த வருடம் திருமுக்கூடல் ஆற்று மணலில் கிடைத்தது. ஆராய்ச்சி ஒரு வருடம் தள்ளிப்போனது. நடந்ததை அவர்கள் யாரும் வெளியே சொல்லவில்லை. ஊரில் இன்றும் “அர்ஜுனன் சொன்னா சொன்னதுதான்பா” என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.