ஆதிநாராயணன் தேடிய வீட்டுப்பேர்

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆதிநாராயணன் வீடு எது என்று கேட்டால், "வம்சம் தேடறவரா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூட்டுவலி வந்து வலைக்குப் போவதை விட்டவர், கல்யாணமும் செய்துகொள்ளாதவர், சீட்டாடிப் பொழுதைக் கழித்திருந்தால் ஊர் ஒன்றும் சொல்லியிருக்காது. இவரோ பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் அலைந்து, ஆபீஸ் ஆபீஸாக முப்பாட்டன் பேரைச் சொல்லிப் பழைய காகிதம் கேட்டார்.

எதற்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. வாலிபத்தில் அவர் செவ்வந்தியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அவளுக்கும் ஆசைதான். ஆனால் இருவருக்கும் வீட்டுப்பேர் ஒன்றே, தோணிக்கார வீடு. பெரியவர்கள் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள்.

"ஒரே வீட்டுப்பேருடா. அண்ணன் தங்கச்சி முறை. வாயால கூட சொல்லாத."

அடுத்த தையில் செவ்வந்தியை அதே தெருவில் வேறு வீட்டுப்பேர்க்காரருக்குக் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றாள், பேரன் பேத்தி எடுத்தாள். ஆதிநாராயணன் யாரையும் கட்டவில்லை. தானே உலை வைத்து, தானே தின்று, குழம்பு மிஞ்சினால் மறுநாளும் அதையே சுடவைத்துக் காலத்தை ஓட்டினார். காய்ச்சலில் படுத்தால் ஒரு வாய் வெந்நீருக்கு ஆளில்லை.

எந்தப் பாட்டனிடம் தன் கிளையும் செவ்வந்தியின் கிளையும் பிரிந்தன என்று ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு அடங்கும் என்று அவர் நம்பினார். பாவம்.

ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்ற முறைக்குப் பாடு என்று பேர். பாடு அந்தந்த வீட்டு ஆண்மக்களுக்குத்தான். ஊர்ப் பஞ்சாயத்தின் பழைய பாடு வரிசைக் காகிதத்தில் முப்பாட்டன் இருந்தார்: 'தோணிக்கார வீடு வீரராகவன்'. மற்றவர்களுக்கெல்லாம் தகப்பன் பேர் எழுதியிருந்தது. அவருக்கு மட்டும் இல்லை. அது ஆதிநாராயணனை அரித்தது. அந்தக் காலத்தில் பாடு உரிமைக்காக இரண்டு ஊர்கள் கோர்ட்டுக்குப் போனதாக யாரோ சொல்ல, அந்த வழக்கின் நகலுக்கு மனுப் போட்டு, விடாமல் நடையாய் நடந்து, ஒருவழியாக வாங்கினார். பொன்னேரி பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துப் படித்தார். முப்பாட்டன் சாட்சி சொல்லியிருந்தார்.

'என் பேர் வீரராகவன். சொந்த ஊர் சுண்ணாம்புக்குளம், உப்புமேட்டு வீடு. தோணிக்கார வீட்டில் பெண் கட்டி மாமனாரோடு இருக்கிறேன். மருமகனுக்குப் பாடு கிடையாது என்பதால் மாமனார் என்னைத் தம் வீட்டுப்பேரில் சேர்த்துக்கொண்டார்.'

மருமகன் பிழைக்கட்டும் என்று அந்த மாமனார் செய்த நல்ல காரியம். பேர் ஒட்டிக்கொண்டது, மருமகன் என்பது மறந்துபோனது. ஆதிநாராயணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். செவ்வந்தி அந்த மாமனாரின் மகன் வழி. தாம் மகள் வழி. அப்படியென்றால் அவள் தங்கச்சியே இல்லை, மாமன் மகள் முறை. உரிமையோடு போய்ப் பெண் கேட்டிருக்கலாம். தடுத்த பெரியவர்களில் ஒருத்தர்கூட உயிரோடில்லை, சட்டையைப் பிடித்துக் கேட்க. அங்கேயே உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் பூக்கட்டிய அம்மாள், "யாருய்யா செத்தது?" என்று கேட்டாள்.

ஊர் வந்தபோது செவ்வந்தி மணலில் காய்ந்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, போன காரியம் இன்னாச்சு? காயிதம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அவள் அள்ளுவதை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நம்ம ரெண்டு பேரும் நெசமாவே ஒரே வம்சந்தானாண்ணா?"

அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவளும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காகிதம் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே வம்சந்தாம்மா. ஒரே பாட்டன்தான்."

"அப்பாடா" என்று செவ்வந்தி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பெரியவங்க வேணும்னே பிரிச்சிட்டாங்களோன்னு உள்ளுக்குள்ள அறுத்துக்கினே இருந்துச்சு. நெசந்தான்னா சரி. இன்னிக்காவது நிம்மதியாத் தூங்குவேன்."

"தூங்கும்மா" என்றார் ஆதிநாராயணன்.