ஸ்பானிஷ் சொற்களுக்குக் கட்டிய நூல்

ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்கிற வீட்டு மருமகள் ஸ்பானிஷ் படித்தால் தெரு சிரிக்கும். சிரித்தது. சென்னையில் ஒரு கம்பெனி ஸ்பானிஷ் தெரிந்தவர்களை வேலைக்கு எடுப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஊரில் வந்த, ஸ்பானிஷும் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் சேர்ந்திருந்தேன். அந்த வேலை கிடைத்தால் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றியே கிழவியாக வேண்டாம். அவ்வளவுதான் என் ஆசை.

உயிரை வாங்கியவை ஒன்றுபோல இருந்த சொற்கள்தான். ஓம்ப்ரே என்றால் ஆண், ஆம்ப்ரே என்றால் பசி. தண்ணீரில் நீந்தும் மீன் பெஸ், பிடிபட்டுச் சமையலுக்கு வந்துவிட்டால் பெஸ்காதோ. எனக்கு எல்லாம் குழம்பியது.

எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரே நிறமான பட்டு நூல்களை டியூப்லைட்டில் பார்த்து நம்ப மாட்டார்கள். காலை வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். சொல்லுக்கு ஒரு அட்டை. அர்த்தம் எழுதாமல், ஜோடிக்கு ஒரே நிறத்தில் வெளிர் ஒன்று, அடர் ஒன்று என்று கழிவு நூலைக் கட்டித் தறிக்காலில் தொங்கவிட்டேன். நீந்தும் மீனுக்கு வெளிர் அரக்கு, பிடிபட்டதற்கு அடர் அரக்கு. தார் சுற்றியபடியே பார்த்துப் பார்த்து மனப்பாடமானது.

அந்தக் கம்பெனியின் தேர்வுக்குப் போகும் காலையில் நான் கிளம்பி நிற்கிறேன், தறியில் வெயில் விழுந்தது. வெளிர் அரக்குச் சேலையில் கருங்கோடு ஒன்று முழ நீளத்துக்கு ஓடியிருந்தது. முந்தின சாயங்காலம் நீளவாக்கு இழை ஒன்று அறுந்தபோது என் கணவர் என் அட்டையிலிருந்து அடர் அரக்கு நூலை உருவி ஒட்டுப்போட்டிருக்கிறார்.

"கைக்கு எட்டுனத எடுத்து முடிச்சு போட்டேன். இதுக்குப் போயி பேஜார் பண்றியே" என்றார்.

"தறியாண்ட இதெல்லாம் யாரு தொங்கவுடச் சொன்னது? உன் படிப்பால வந்த வினை" என்றார் மாமியார்.

டியூப்லைட்டில் முடிச்சுப் போட்டவர் அவர். வினை என்னுடையதாம்.

அன்றைக்கே அறுத்துக் கொடுக்க வேண்டிய கல்யாணச் சேலை. நெய்ததைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மிதிக்க, ஒருவர் ஊடையை உருவ. மாமியாருக்குக் கண்ணும் தெரியாது, தறி மிதிக்கக் காலும் வராது. தேர்வுக்குக் கட்டிய நல்ல சேலையோடு தறியில் உட்கார்ந்தேன். எதிரே மாமியார் அட்டைகளிலிருந்த நூலையெல்லாம் கையால் தடவித் தடவிப் பிய்த்துப் போட்டார். கணவர் தடுக்கவில்லை. சென்னை பஸ் போய்விட்டது.

அடுத்த வருடம் அதே கம்பெனி ஆள் எடுத்தபோது, பெட்டியிலிருந்த நூலில்லாத அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பெஸ், பெஸ்காதோ. எது நீந்தும் மீன், எது பிடிபட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை.