ஐயாவின் கால்கள் கேட்ட பாட்டு

சைக்கிள் ரயரில் டைனமோவின் தலை உரசிச் சூடேறும்போது ஒரு மணம் வரும். எரிந்த றப்பர் மணம் என்றும் சொல்ல முடியாது, புதுச் செருப்பின் மணம் என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவே ஒன்று. அந்த மணம் எங்கள் வீட்டு விறாந்தையில் எழும்பிச் சிறிது நேரத்தில், ரேடியோவுக்குள் இருந்து மின்சாரக் கிற்றார் ஒன்று, முற்றத்தில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடும்படி அலறத் தொடங்கும். நெடுந்தீவில் மாலைச் செபம் முடித்து, செபமாலையை ஆணியில் கொழுவிவிட்டு, குடும்பமாகப் பாயில் இருந்து வெள்ளைக்காரரின் "றொக்" பாட்டுக் கேட்ட வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

நாங்கள் அந்தப் பாட்டைத் தேடிப் போனவர்கள் அல்ல. அது எங்கள் அண்ணாவின் குரலைச் சுமந்துகொண்டு வந்தது.

அண்ணா ஜேர்மனிக்குப் போய், ஓர் உணவகத்தின் குசினியில் "கோப்பை கழுவி"க் கொண்டிருந்த காலம் அது. கடிதம் மட்டும் அம்மாவுக்குப் போதவில்லை, பிள்ளையின் குரல் வேண்டும் என்றார். அந்த நாளில் வெளிநாடு போன பிள்ளைகள் கசற்றில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். அண்ணாவோடு கோப்பை கழுவிய அந்த நாட்டுப் பொடியன் ஒருவன் தான் கேட்டு அலுத்த பாட்டுக் கசற்றுகளைக் கொடுக்க, அண்ணா அவற்றின் கடைசிப் பாட்டை மட்டும் அழித்து, அந்த இடத்தில் தன் குரலைப் பதிந்து அனுப்பினார். முன்னுக்கு ஆங்கிலப் பாட்டு இருந்தால், வழியில் சோதனைக்கு மறிக்கிறவர்கள் போட்டுப் பார்த்தாலும் வெறும் பாட்டென்று விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய யோசனை.

அப்படியானால் கடைசிக்கு ஓடவிட்டு அண்ணாவை மட்டும் கேட்கலாமே என்று அக்கா சொன்னாள். அம்மா சம்மதிக்கவில்லை.

"நடுவிலையும் எங்கையாவது ஒரு சொல்லுச் சொல்லியிருப்பான். நீ ஓடவிட்டால் அது போயிடும்."

அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கேட்டோம். அம்மா இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் அந்தச் சிறு அமைதிக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். நாங்களோ, எங்களை அறியாமலே, பாட்டையும் கேட்டோம்.

முதலில் வந்த கசற்றின் அட்டை சிவப்பு, நெருப்புப் பற்றி எரியும் ஒரு வண்டிச்சில்லு அதில் இருந்தது. அடுத்த வருடம் வந்ததன் அட்டை கறுப்பு, இலையில்லாத மரமும் முக்காடு போட்ட ஓர் உருவமும். பாடியவர்களின் பெயரை எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல "சிவப்பன்", "கறுப்பன்" என்று வைத்துக்கொண்டோம். கறுப்பனின் முக்காட்டு உருவம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதன்மேல் அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டி, தீர்த்தமும் தெளித்துத்தான் வீட்டுக்குள் எடுத்தார்.

சிவப்பன் ஓட்டம். அதில் பாடுகிறவர், கரையில் மீனை ஏலம் கூறி விற்பவரைப்போல் மூச்சுவிடாமல் கத்துவார், டிரம் அவரைத் துரத்திக்கொண்டே வரும். கறுப்பன் அப்படியில்லை. வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது அடிப்பலகை முருகைக்கல்லில் உரசும் சத்தம்போலக் கிற்றார் நீளமாக இழுபடும், டிரம் ஒன்று விழுந்து, யோசித்து, பிறகு மற்றது விழும். நான் சிவப்பனின் கட்சி. அக்கா கறுப்பனின் கட்சி. கிணற்றடியில் வாளி நிறையும்வரை இதைப் பற்றியே பிடுங்குப்படுவோம். அம்மாவிடம் தீர்ப்புக் கேட்டால், "இரண்டும் பேய்தான். ஒண்டு ஓடுற பேய், மற்றது நடக்கிற பேய்," என்பார்.

ஐயாவிடம் கேட்டால், "நான் உதுகளைக் கேக்கிறேல்லை. நான் மிதிக்கிறன்," என்பார்.

மிதிப்பது அவருடைய வேலையாகிப் போனதற்குக் காரணம், நாட்டில் சண்டை முற்றி, பற்றரி தீவுக்கு வருவது நின்றுபோனதுதான். பக்கத்து வளவு யோசப்பு அண்ணை, சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தார். பகலெல்லாம் கடலில் நின்ற ஐயா, செபம் முடிந்ததும் சைக்கிளில் ஏறி, எங்கேயும் போகாமல் மிதிப்பார். யோசப்பு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பார்:

"என்ன பிலிப்பண்ணை, மாதா பிரார்த்தனை முடிய இரும்புக்கடை திறந்திட்டியள்?"

"ஓம், வந்து ஆணி வாங்கிக்கொண்டு போ."

கசற்றும் போடும் எங்கள் ரேடியோ ஒருமுறை பழுதாகி, வேறு எதினுடையதோ ஒரு மோட்டரைப் போட்டுத் திருத்தியது. மிதியைக் கூட்டினால் பாட்டு ஓடும், குறைத்தால் நொண்டும். அது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் சிவப்பனைப் பற்றரி இருந்த நாளிலேயே கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கியிருந்தோம். கொஞ்சம் பிந்தினாலே அக்கா, "ஐயா, மிதியுங்கோ," என்பாள். கறுப்பன் வந்தது பற்றரி இல்லாத காலத்தில். அது எந்த வேகத்தில் இருக்கவேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

கறுப்பனை முதல் நாள் போட்டோம். பாட்டுகள் வரவரக் கனத்துக்கொண்டே போயின. கடைசியில் அண்ணாவின் குரல் வந்தது. வந்தது அண்ணாதான், ஆனால் கிணற்றின் அடியில் இருந்து ஒரு கிழவர் பேசுவதுபோல் இருந்தது. "அ…ம்…மா… நான்… நல்லா… இருக்கிறன்…" நடுவில் ஓர் இடத்தில் நெஞ்சைப் பிளக்கும் இருமல். அம்மா அன்று இரவு கஞ்சியும் குடிக்கவில்லை.

அடுத்த நாளும் போடச் சொன்னார். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் அண்ணாவின் நோய் கூடிக்கொண்டே போனது.

"நெஞ்சிலை சளி கட்டியிருக்கு. சொல்லாமல் மறைக்கிறான்," என்றார் அம்மா. பிறகு ஐயாவைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, அவனைக் கூப்பிடுவம். இஞ்சை வந்து கஞ்சியெண்டாலும் குடிச்சுக்கொண்டு என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும்."

இளம் பிள்ளை ஒன்றை அந்த நாளில் ஊருக்குத் திருப்பி அழைப்பதென்றால் என்ன என்று ஐயாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். வழியில் நிற்பாட்டப்பட்டு வீடு வந்து சேராத பிள்ளைகள் எங்கள் கோயில் பங்கிலேயே இருந்தார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடினோம்.

"கொஞ்சம் பொறுத்துப் பாரும்," என்றார் ஐயா.

"பொறுத்து? பிள்ளை பெட்டியிலை வந்தாப் பிறகோ?"

வெள்ளிக்கிழமை எங்கள் சொந்தக்கார ரீச்சர் ஒருவர் கொழும்புக்குப் போக இருந்தார். அவர் கையில் கடிதம் கொடுத்தால் அண்ணாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா வா என்று ஒரு சொல் எழுதினால் அண்ணா வந்துவிடுவார், அவர் அப்படிப்பட்ட பிள்ளை. அதுதான் ஐயாவின் பயம்.

புதன்கிழமை மாலையும் கறுப்பனைப் போட்டோம். அன்று அக்கா ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. சைக்கிளின் பின்சில்லுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவள் பாட்டைக் கேட்கவில்லை. ஐயாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்றாள், "நீங்கள் பாட்டுக்கு மிதிக்கிறியள்."

"எனக்கென்ன விசரே? நான் உதைக் காதிலையும் போடுறேல்லை."

"காதிலை போடாட்டில் என்ன, கால் போடுது. டிரம் விழேக்கை உங்கடை வலக்கால் விழுது. பாருங்கோ."

பார்த்தோம். அப்படித்தான். ஐயாவின் கால் டிரம்முக்காகக் காத்து நின்று விழுந்தது. கறுப்பன் மெதுவான பாட்டு, அதனால் ஐயாவின் மிதி மெதுவாகியது. மிதி மெதுவாக, பாட்டு இன்னும் மெதுவாகியது. பாட்டு மெதுவாக, ஐயா இன்னும் மெதுவாக மிதித்தார். இப்படி ஒன்றையொன்று இழுத்து இழுத்து, கடைசிக்கு வரும்போது அண்ணாவைக் கிழவராக்கி விட்டிருந்தார்கள். சிவப்பனுக்கு இது நடக்கவில்லை, ஏனென்றால் சிவப்பன் ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஓடினான்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "பிள்ளை அங்கை என்ன பாடோ, உனக்கு இஞ்சை பாட்டு ஆராய்ச்சி."

"அம்மா, ஒருக்கால் பாப்பம். ஒரே ஒருக்கால்," என்றாள் அக்கா.

தலையணையைப் பிரித்துப் பஞ்செடுத்து ஐயாவின் இரண்டு காதையும் அடைத்தாள். கறுப்பனை முதலுக்குச் சுற்றி என் கையில் தந்துவிட்டு, ரேடியோவில் சிவப்பனைப் போட்டாள். நாங்கள் மனப்பாடமாய் அறிந்த அந்த முதற் பாட்டு சரியான ஓட்டத்துக்கு வந்ததும், ஐயாவின் முதுகில் உள்ளங்கையால் தட்டத் தொடங்கினாள். தட்டுக்கு ஒரு மிதி, சிவப்பனைச் சரியாக ஓட்டிய மிதி கறுப்பனையும் சரியாக ஓட்டும் என்பது அவள் கணக்கு. பிறகு எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் சிவப்பனை எடுத்துவிட்டுக் கறுப்பனைப் போட்டேன். கறுப்பனின் டிரம் அவளைத் தன் பக்கம் இழுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பனின் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடி, ஐயாவின் முதுகில் அதே தட்டைத் தட்டினாள்.

எங்களுக்கு முன்னால் வேறொரு கறுப்பன் எழும்பி நின்றான். சிவப்பனைவிட மெதுவாகத்தான் நடந்தான். ஆனால் அது நோயாளி நடை இல்லை. பாரம் ஏற்றிய எருது தன் பாரத்தை அறிந்து கால் வைக்கும் நடை. இத்தனை நாளும் இழுபட்டு முனகிய கிற்றாருக்குள் ஓர் இராகம் இருந்ததை அன்றைக்குத்தான் கேட்டோம்.

"என்ன, எப்பிடி?" என்று ஐயா கத்தினார். காதில் பஞ்சு, தன் சத்தம் தனக்குத் தெரியாது. "எப்பிடியெண்டு கேக்கிறன்!"

"பேசாமல் மிதியுங்கோ," என்றார் அம்மா.

அந்தப் பக்கம் முடியும்வரை அக்காவின் கை ஓயவில்லை. கடைசியில் குரல் வந்தது.

"அம்மா, நான் நல்லாயிருக்கிறன். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இஞ்சை சரியான குளிர், எண்டாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறனான். பூசையிலை ஒரு சொல்லும் விளங்கேல்லை, எல்லாரும் எழும்பேக்கை நானும் எழும்பிறன்."

அங்கே சிரித்தார். நாங்கள் நெஞ்சைப் பிளக்கும் இருமல் என்று நினைத்த இடம் அதுதான்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவின் கை நின்றது. ஐயா மட்டும் ஒன்றும் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தார். நான் போய்க் காதில் இருந்த பஞ்சை எடுத்தேன்.

"சிரிக்கிறார், ஐயா," என்றேன்.

பிறகு அக்கா சைக்கிளில் ஏற, ஐயா முதன்முதலாகப் பாயில் இருந்து கறுப்பனைக் கேட்டார். முழுவதும் கேட்டார். "மெதுவாத்தான் நடக்குது. எண்டாலும் ஏலாமல் நடக்கேல்லை," என்றார். அண்ணாவின் சிரிப்பு வந்தபோது தானும் சிரித்து, சால்வையால் முகத்தைத் துடைத்தார். அம்மா தோற்க விரும்பாதவர். "கொஞ்சம் சளி, தடிமன் இருக்கு, அது எனக்குத் தெரியும்," என்றார்.

கடிதத்தை அடுத்த நாள் அக்காதான் எழுதினாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். குளிருக்குத் தலையை மூடு, பூசையை விடாதே என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அம்மா, கடைசியில், "அங்கையே இரு ராசா எண்டு எழுது," என்றார். எழுதி முடித்தபின் எழும்பிக் குசினிக்குள் போனார். பிள்ளையை வா என்று அழைப்பதைவிட, வராதே என்று சொல்வதற்கு ஒரு தாய்க்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது, நானும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகுதான் விளங்கியது.

அதன்பிறகு சில மாலைகளில், கறுப்பன் முடியப்போகும் தறுவாயில், அம்மா மெல்ல ஐயாவிடம் கேட்பார். "கொஞ்சம் வேகமா மிதியுங்கோவன்." ஐயா ஏன் என்று கேட்கமாட்டார். வேகமாக மிதிப்பார். அண்ணாவின் குரல் மெலிந்து, உயர்ந்து, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து "அம்மா" என்று கூப்பிட்ட குரலாகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஐயாவால் அப்படி மிதிக்க ஏலாது. அந்த இரண்டு நிமிடம் அம்மாவுக்குப் போதும்.

இப்போது தீவில் கரண்ட் இருக்கிறது. அட்டைப் படங்களை நான் சொல்ல, சிவப்பனையும் கறுப்பனையும் என் மகன் தொலைபேசியில் கண்டுபிடித்துப் போட்டுக் காட்டினான். இரண்டும் சரியான வேகத்தில், ஒரு குறையும் இல்லாமல் ஓடின. சின்ன வயதில் சிவப்பனுக்காகச் சண்டை பிடித்தவள், இப்போது கறுப்பனைத்தான் திரும்பக் கேட்கிறேன். ஆனால் அவை இப்போது முழுப் பாட்டுகள். கடைசிப் பாட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குள் யாரும் பேசவில்லை. எங்கள் கசற்றுகள் உப்புக் காற்றில் ஒட்டிப்போய்விட்டன. ஐயாவும் அம்மாவும் ஆண்டவரிடம் போய்விட்டார்கள்.

அண்ணா போன கிழமையும் ஜேர்மனியில் இருந்து தொலைபேசி எடுத்தார். பேரப்பிள்ளை கண்டவர். "தங்கச்சி… நான்… நல்லாயிருக்கிறன்," என்றார். குரல் தடித்துவிட்டது, ஒவ்வொரு சொல்லாக வருகிறது, சிரித்தால் இருமலில் போய் முடிகிறது. அன்றைக்கு அம்மாவைச் சாப்பிடாமல் படுக்கவைத்த அதே குரல். அந்தக் குரலுக்கு அவர் உண்மையாக வந்து சேர இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. அவரோடு படித்த எத்தனையோ பிள்ளைகளின் குரல் இளமையிலேயே நின்றுபோன ஊர் இது. எங்கள் அண்ணாவைக் கிழவராக விட்ட ஆண்டவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, "அவசரமில்லை அண்ணா, ஆறுதலாய்க் கதையுங்கோ," என்றேன்.