கும்பிடாமல் கிடைத்த கட்டில்

இன்று காலை புலாவ் செபாங் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், ஆள்குறைப்பில் பேர் வெட்டப்பட்ட முனியம்மா, காய்ச்சலில் துவண்ட மகளுக்குக் கட்டில் கேட்டாள். என் கடை அரிசியை அங்கே இறக்கப் போன நான் பக்கத்தில் நின்றேன்.

“உன் பேர் இல்லை. கும்பிட்டுக் கேள், தருமமாய்ப் பார்ப்பம்,” என்றார் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து டிரெசர்.

“பதினோரு வருஷம் இந்தத் தோட்டத்துல பால் வெட்டினேன் ஐயா. தருமம் வேணாம். வேணும்னா கட்டிலுக்குப் பதிலா வார்டைக் கூட்டிப் பெருக்குறேன்.”

கடை வைத்த புதிதில் என் மனைவி சரசுவுக்காக இதே வாசலில் நானும் கும்பிட்டேன். மருந்து தந்தார்கள், கட்டில் தரவில்லை. இவளைப் போல நிமிர்ந்து கேட்டிருந்தால் சரசு இன்று கல்லாவில் உட்கார்ந்திருப்பாளோ என்று மனம் ஏங்கியது.

“கட்டில் உண்டென்றால் அரிசியை இறக்குகிறேன்,” என்றேன்.

“நீர் வியாபாரிதான் ஐயா,” என்று டிரெசர் சிரித்தார்.

முடிவானது இதுதான்: காய்ச்சல் விடும்வரை பிள்ளைக்குக் கட்டில், காலையில் தாய் வார்டு கூட்டுவாள், கும்பிடு கிடையாது.