பாஞ்சாலி போட்ட குறி

பொம்மிடி ரயிலடிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் எவன் சட்டையின் கழுத்துப்பட்டியைத் திருப்பினாலும் பாஞ்சாலி போட்ட குறி இருக்கும். சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு வைத்த புள்ளி, கோடு, சுழி. வீட்டுக்கு ஒரு குறி. வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. எந்தக் குறி எந்த வீட்டுடையது என்பது அவளுக்கும் செத்துப்போன அவள் புருஷனுக்கும் மட்டுமே தெரியும். துணி வெளுக்கிற ஏகாலித் தொழிலில் அப்படித்தான்.

அவளுக்குத் தேசபக்தி கிடையாது என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். பேசியவன் வாயில் மண்ணை அள்ளிப் போடவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் சந்தைத் திடலில் சீமைத்துணியைக் குவித்துக் கொளுத்தினார்கள். வசதிக்காரனெல்லாம் நல்லதைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கிழிசலைக் கொண்டுவந்து போட்டான். பாஞ்சாலி தன் கல்யாணத்துக்கு எடுத்த ஒரே சீமை மில் சேலையைப் போட்டாள். யார் வீட்டில் என்ன துணி இருக்கிறது என்று துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

"இந்தக் கந்தலத்தான் சீமையில இருந்து கப்பல்ல கொண்டாந்தானுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அன்றைக்குக் கூட்டம் நடத்தியவன் கோவிந்தன். பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. வாசலுக்கு வெளியே நின்றே பழகிய பாஞ்சாலியைச் சனத்தோடு சனமாகப் பாயில் உட்காரச் சொன்னான். தேசம் என்ற பேச்சுதான் தன்னை உட்காரவைத்தது என்று அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் கதர்ச் சட்டையை மட்டும் தனியாக அலசி, தனியாகக் காயப்போடுவாள்.

அதே பேச்சு, நாற்பத்திரண்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் தொண்டையைப் பிடித்தது.

மாதப்பன் என்று ஒரு குடியானவன். மேட்டுக்காட்டில் ராகி இரண்டு வருஷம் கருகவே, சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். கோவிந்தன் ஊரைக் கூட்டினான். வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி தூக்கப்போனவன் வீட்டுக்கு நெருப்பும் கிடையாது, ஊர்க்கிணற்றுத் தண்ணீரும் கிடையாது என்றான். ஊர் தலையாட்டியது. மாதப்பன் பெண்டாட்டி சாலம்மாளுக்கு அப்போது நிறைமாதம்.

பிள்ளை பெறுகிற வீட்டுக்கு ஏகாலி வெளுத்த மாத்துத் துணி போகவேண்டும். அது போகாத வீட்டு வாசலை மருத்துவச்சியும் மிதிக்கமாட்டாள். சாலம்மாளுக்கு வலி கண்ட அன்று பட்டப்பகலில் பாஞ்சாலி மாத்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள். கோவிந்தன் குறுக்கே வந்து நின்றான்.

"ஊரு கட்டுப்பாடு தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க சாமி. வயித்துல இருக்கறதுக்குத் தெரியலிங்களே. அது எந்தப் பட்டாளத்துல கையெழுத்துப் போட்டுச்சு?"

"துரோகி! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"பொம்பளையா இருக்கறதாலதான் போறேன். தள்ளி நில்லுங்க."

தள்ளித்தான் நின்றான். பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அன்று முதல் பாஞ்சாலிக்கும் ஊர் துணி போடுவதை நிறுத்தியது. தெருவில் போனால் 'துரோகி' என்று முதுகுக்குப் பின்னால் கூவினார்கள்.

அடுத்த வாரம் ரயில் பாதை ஓரத்துத் தந்திக்கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். கம்பத்து ஆணியில் கதர்ச் சட்டையின் கழுத்துப்பட்டி கிழிந்து தொங்கியது. தேசத்துக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவன், சட்டைக் குறியை மறந்துபோனான்.

பக்கத்து ஊர் ஏகாலி அது பாஞ்சாலி கைக்குறி என்று சொல்லிவிட்டான். இன்ஸ்பெக்டர் நேராகத் துவைக்கிற துறைக்கே வந்தார்.

"கோவிந்தன் உன்னைத் துரோகின்னு நடுத்தெருவுல கத்தினானாமே? இது அவன் வீட்டுக் குறிதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

பாஞ்சாலி கந்தலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மூன்று புள்ளி, ஒரு சுழி. கோவிந்தனுடையதேதான். சாலம்மாள் பிள்ளை பெற்ற உடம்போடு, குடம் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனது கண்ணில் வந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கோவிந்தனோடு அவளுக்கு இருந்தது ஊர்ச் சண்டை. அதைக் காக்கிச்சட்டைக்காரனிடம் கொடுத்து நியாயம் வாங்குவதா? வார்த்தையை விழுங்கினாள்.

"எங்க கைக்குறிதானுங்க. என் வூட்டுக்காரர் வெச்சது. யாருக்கு வெச்சாருன்னு அவரத்தான் கேக்கணும்."

"எங்கடி அவன்?"

"சுடுகாட்டுலங்க. வழி காட்டட்டுங்களா?"

அறை விழுந்தது. போலீஸ்காரர்கள் வெள்ளாவிப் பானைகளை ஒன்று விடாமல் உடைத்தார்கள். அதற்குமேல் அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. சாட்சி இல்லாமல் இன்ஸ்பெக்டர் திரும்பிப் போனார்.

அடுத்த சந்தைநாளில் கோவிந்தன் துணிமூட்டையோடு துறைக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"பாஞ்சாலி, நீதாம்மா நெசமான தேசபக்தை."

"போன வாரம் துரோகி, இந்த வாரம் பக்தை. ரெண்டு பட்டத்தையும் நீங்களே வெச்சுக்குங்க சாமி, எனக்கு வேணாம்."

"பானைக்கெல்லாம் நான் பதில் வாங்கித் தர்றேன்."

"பானை கெடக்குது. ஊர்க்கிணத்துல ஒரு கொடம் தண்ணி சேந்தி, நீங்களே சொமந்துட்டுப்போயி சாலம்மா வூட்டு வாசல்ல வையுங்க. ஊரு பாக்கணும். அதுக்கப்புறம் உங்க துணியத் தொடறேன்."

"நானா? மாதப்பன் செஞ்சது தப்பில்லியா?"

"தப்போ சரியோ, அவன் வந்ததும் அவங்கிட்டக் கேளுங்க. அந்தப் பச்சைக்கொழந்தைக்குத் தண்ணி இல்லேன்னு சொல்ற தேசம் எனக்கு எதுக்குங்க? அதுக்கா என் சேலையக் கொளுத்தினேன்?"

கோவிந்தன் நின்றான். பாஞ்சாலி அவன் பக்கம் திரும்பவேயில்லை. உடையாமல் தப்பிய ஒரே தண்ணீர்ப் பானையை வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மூட்டையைக் கரையில் போட்டுவிட்டு ஊர்ப்பக்கம் நடந்தான். கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தம் துறைவரைக்கும் கேட்டது. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, கதர்ச் சட்டை நனைய நனைய, அவன் சாலம்மாள் வீட்டுத் தெருவில் திரும்புகிறவரை பாஞ்சாலி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம்தான் குனிந்து மூட்டையை அவிழ்த்தாள்.