அவள் முகம் மட்டும் ஒடுங்கியது

இதைப் படித்துவிட்டு "நல்லா அளக்குறான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், நடக்காததை வாய் கூசாமல் பேசுவார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். ஒரு புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு மேல் நடந்த விஷயம் இது.

நான் கேம் மெஷின் ரிப்பேர் செய்பவன். நின்று ஆடும் பெட்டி, உட்கார்ந்து ஓட்டும் கார், துப்பாக்கி வைத்த மெஷின்... எதுவானாலும் திறப்பேன். கடைத்தெருவில் ஒரு கேம் ஹால் இருக்கிறது. ஜன்னலே இல்லாத நீளமான ஹால். உள்ளே நுழைந்தால் பகலா இரவா என்று தெரியாது. அதன் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'சிக்கனம்'. ஒரு பல்பு மாற்றக்கூட மூன்று நாள் யோசிப்பார்.

என் தங்கை அந்த ஹாலில்தான் டோக்கன் கவுண்டரில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கவுண்டரிலிருந்து எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. அதே வாரம், அந்தத் தெருவுக்குக் கூரியர் கொண்டுவரும் பையன் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். போதாதா? தெருவே கூடி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுவிட்டது. ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனபோது, "வயசுப் பொண்ணு. கைக்கொழந்தையோட தானா வரும், போங்க" என்று சிரித்தார்கள்.

அவளுடைய கைப்பை கவுண்டருக்கு அடியிலேயே கிடந்தது. உள்ளே பாதி சாப்பிட்ட டிபன் டப்பா. ஓடிப்போகிறவள் பையை விட்டுவிட்டா போவாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தெருவில் பெயரே மாறிப்போனது. 'ஓடிப்போனவளோட அண்ணன்.' அம்மா அவளுடைய போட்டோக்களை எல்லாம் கிழித்துப் போட்டாள். "எனக்கு ஒரே புள்ளதான்" என்று கேட்பவர்களிடம் சொல்லப் பழகிக்கொண்டாள். ஆனால் வாசல் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடமாட்டாள்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் எங்கே? எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்றால், பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல இரண்டு வருஷத்தில் நேரமே கிடைக்கவில்லையா? 

அந்த ஹால் படியை மிதிப்பதில்லை என்றிருந்தேன். சிக்கனம்தான் போன் செய்தார்.

"கார் மெஷின்ல பிக்சர் டியூப் போயிடுச்சுப்பா. போன வாரம் அகல மானிட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டேன். மனுசங்க எல்லாம் குண்டாத் தெரியுறாங்க. சக்கரம் முட்டையா இருக்கு. பசங்க சிரிக்கிறாங்க. வந்து பாரேன்."

கையில் வேறு வேலை இல்லாத மாதம். போனேன்.

புதன்கிழமை ஹாலுக்கு விடுமுறை. சிக்கனம் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, "முடிஞ்சதும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் மெஷின் ஹாலின் கடைசியில், பின்சுவரை ஒட்டி நின்றது. அதற்கு மட்டும் மின்சாரம் கொடுத்தேன். மற்ற மெஷின்கள் எல்லாம் இருட்டில் வரிசையாக நின்றன.

கோளாறு என்னவென்று பார்த்தவுடன் தெரிந்தது. பழைய கேம்களின் படம் அகலமும் உயரமும் நாலுக்கு மூணு என்ற அளவில் இருக்கும். புது மானிட்டர் பதினாறுக்கு ஒன்பது. சின்னப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து, திரை முழுக்க நிரப்பியிருந்தது. மானிட்டர் மெனுவில் 'ஃபுல்' என்று இருப்பதை 'நாலுக்கு மூணு' என்று மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், நடுவில் படம் ஒழுங்காக நிற்கும். பத்து நிமிட வேலை.

அந்த மெஷினில் ஒரு விசேஷம் உண்டு. திரைக்கு மேலே சின்னக் கேமரா. அதிக மார்க் வாங்கியவர்களின் முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும். யாரும் ஆடாதபோது முதல் பத்துப் பேரின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். நான் பார்த்தபோது முகங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பூசணிக்காய் பூசணிக்காயாக வந்தன. எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவது இடத்தில் ஓரக்கண்ணில் பட்ட முகம் மட்டும் குண்டாக இல்லை. யாரோ ரொம்ப ஒல்லியான ஆள், இழுத்தும் இவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டு, குனிந்து மெனு பட்டனைத் தேடினேன்.

நாலுக்கு மூணு வைத்தேன். டெஸ்ட் மோடைப் போட்டேன். அதில் திரை நடுவே ஒரு வட்டம் வரும். அது வட்டமாக இருந்தால் படம் சரி. டேப் வைத்து அளந்தேன். குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவு. கச்சிதம். டெஸ்ட் மோடை விட்டு வெளியே வந்தேன்.

முகங்கள் ஓட ஆரம்பித்தன. முதல் ஆள் சரி. இரண்டாவது ஆள் சரி.

மூன்றாவது முகம் ஒடுங்கியிருந்தது.

இரண்டு பக்கமும் யாரோ கையை வைத்து அழுத்தியதுபோல. அடுத்த ஏழு பேரும் சரியாக இருந்தார்கள். ஒரே ஒரு படம் மட்டும் எப்படித் தப்பாகும்? அடுத்த சுற்று வரக் காத்திருந்து, திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

வாலு.

தலைமுடி முழுக்க வெள்ளையாகத் தூசி. பின்னால் சாம்பல் நிறச் சுவர். கண் கேமராவைப் பார்க்கவில்லை. மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன். பழைய படம் என்றால் மற்றவர்களைப் போல இதுவும் இப்போது சரியாகியிருக்க வேண்டும். இது இழுத்து வைத்தபோது சரியாக இருந்தது, சரிசெய்ததும் ஒடுங்கிவிட்டது. அப்படியென்றால் இது அகலத் திரைக்கு ஏற்றபடி எடுத்த படம், அகல மானிட்டர் வந்த பிறகு சேர்ந்தது. மானிட்டர் வந்தது போன வாரம். அதாவது, இவள் போன வாரம் இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். இங்கே உட்கார்ந்து கார் ஓட்டி விளையாடியிருக்கிறாள். வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே வர மட்டும் கால் வரவில்லை.

"அம்மா கதவத் தெறந்து வெச்சுட்டுப் படுக்குதுடி..." என்று வாய்விட்டே சொன்னேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் கேமரா ஞாபகம் வந்தது.

அந்தக் கேமராவின் கண்ணாடி உடைந்து, அதைக் கழற்றியதே நான்தான். அவள் போவதற்கு ஒரு மாதம் முன்பு. இன்னும் என் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கிறது. சிக்கனம் புதிதாக வாங்கி மாட்டியிருப்பாரா? ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். கேமரா இருந்த ஓட்டையில் நான் ஒட்டிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. பின்கதவைத் திறந்து வயரைத் தேடினேன். நான் சுருட்டிக் கட்டிவைத்தபடியே, தூசி படிந்து தொங்கியது.

மணி பதினொன்று நாற்பது. ஸ்டூலிலிருந்து இறங்கினேன்.

திரை மறுபடியும் 'ஃபுல்' ஆகியிருந்தது.

மலிவு மானிட்டர், மெமரியில் நிற்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலுக்கு மூணு வைத்தேன். கண் எதிரே, படம் மெதுவாக விரிந்து 'ஃபுல்' ஆனது. இன்னொரு முறை வைத்தேன். இன்னொரு முறை விரிந்தது.

மானிட்டரின் பட்டன்கள் தனியாக ஒரு சின்னப் பலகையில் இருக்கும். ஒரு பட்டை வயர்தான் அதை மானிட்டரோடு சேர்க்கும். பட்டன் மாட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா? நாலுக்கு மூணு வைத்த கையோடு அந்த வயரைப் பிடுங்கிவிட்டேன். இனி அளவை மாற்ற வழியே இல்லை.

படம் நின்றது. மூன்றாவது முகம் வந்தது. ஒடுங்கியபடி.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

சர்ர்க்...

மெஷினுக்குள் இல்லை. மெஷினுக்குப் பின்னால். சுவரில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகங்கள் ஒவ்வொன்றாக மாறவேண்டும். மாறவில்லை. அவள் முகமே நின்றது.

வயர் என் கையில் தொங்குகிறது. படம் நகர்ந்தது.

இந்த முறை விரியவில்லை. இரண்டு பக்கத்துக் கறுப்புப் பட்டையும் உள்ளே வந்தன. நாலுக்கு மூணையும் தாண்டி. அப்படி ஓர் அளவு எந்த மானிட்டரிலும் கிடையாது.

முகம் இன்னும் ஒடுங்கியது.

சர்ர்க்... சர்ர்க்...

கண்கள் இரண்டும் நெருங்கின.

வாய் திறந்தது. அது போட்டோ. போட்டோவில் வாய் திறக்குமா?

திறந்தது...

டொக். டொக். டொக்.

சுவர்.

பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

டொக்...

ஷட்டருக்கு அடியில் எப்படிப் புகுந்து வெளியே வந்தேன் என்று தெரியாது. வெளியே நல்ல வெயில். ஒரு ஆள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "என்னண்ணே, கரண்டு அடிச்சுடுச்சா?" என்று கேட்டான்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. கேமரா, சுவர் எதையும் சொல்லாமல், "ஹால்ல வாலுவோட படம் ஒண்ணு பாத்தேம்மா, புதுசு" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷமாக அவள் பெயரைச் சொல்லாதவள் கேட்டாள்.

"இளைச்சுட்டாளாடா?"



அந்த மாதக் கடைசியில் நல்ல மழை. ஹாலுக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. ஹால் சுவருக்கும் அந்தக் கட்டடத்துச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. சந்து என்று சொல்வதே தப்பு. ஒரு முழம்கூட அகலம் இல்லாத இடைவெளி. இரண்டு முனையையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அடைப்பு எடுக்க வந்த ஆள் மொட்டை மாடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அலறியிருக்கிறான்.

ஹாலுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் மாடிக்குப் போய்த்தான் பேசுவார்கள். பின்பக்கக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். போன் அவள் காலுக்குக் கீழே தரையில் கிடந்தது. குனிந்து எடுக்க அங்கே இடம் கிடையாது.

அவள் தரைவரை விழவே இல்லை. பாதியில், நின்றவாக்கில் சிக்கியிருந்தாள். முகம் ஹால் பக்கம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றது கார் மெஷின்.

கூரியர் பையனையும் போலீஸ்காரர்கள் இப்போதுதான் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். "யாரு, டோக்கன் குடுப்பாங்களே, அந்த அக்காவா?" என்றானாம். பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. தெருவில் யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். அந்த மட்டுக்கும் புண்ணியம்.

அந்தப் படத்தைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அம்மாவிடம் காட்ட ஒரு போட்டோகூட இல்லையே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருநாள் போய் அந்த மெஷினைப் போட்டேன். மூன்றாவது இடத்தில் யாரோ கண்ணாடி போட்ட பையன். யார் அதை எடுத்தது, யார் அழித்தது... எனக்குத் தெரியாது.

"விழுந்தவுடனே உயிர் போயிருக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். எலும்பை வைத்து அதெல்லாம் சொல்ல முடியாது என்றார். அதையே பிடித்துக்கொண்டு அம்மாவிடம், "உடனே போயிட்டாளாம்மா, வலியே தெரிஞ்சிருக்காதாம்" என்று சொல்லிவைத்திருந்தேன். நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

வாக்குமூலம் கொடுக்க சிக்கனம் ஸ்டேஷனுக்கு வந்தார். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவராகத்தான் ஆரம்பித்தார்.

"நான் என்னத்தப்பா கண்டேன்? அப்போ சுவத்துல தட்டுற மாதிரி சத்தம் வந்துச்சுதான். எலின்னு நெனச்சேன். ஆட வந்தவங்க மொகம் சுளிச்சாங்க. சரின்னு எல்லா மெஷின்லயும் சவுண்டக் கூட்டி வெக்கச் சொன்னேன்."

"எத்தன நாள் கேட்டுச்சு?" என்றேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே, விரல் விட்டு எண்ணி யோசித்தார்.

"நாலு நாள் இருக்கும்பா. அஞ்சாம் நாள் சத்தம் இல்ல. நானே போய் சவுண்டக் கொறச்சு வெச்சேன்."