பூஜையில் வைத்த துப்பாக்கி

அருணகிரியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. எழுதினாலும் என்னை விட்டுவிட்டு எழுதுவார்கள். அது இன்னும் கேவலம்.

கருங்குழியிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் அப்போது நான் தலைமை ஆசிரியர். அருணகிரி அந்த ஊரில் வேர்க்கடலை போடுகிற விவசாயி. விளைச்சல் முற்றும்போது காட்டுப்பன்றிகள் வந்து ஒரே இரவில் கொல்லையைப் புரட்டிப் போட்டுவிடும். அதற்காகப் பயிர்க் காவல் லைசென்ஸ் வாங்கி, ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். ஊரில் அது ஒன்றுதான். அதனால் அவருக்குக் கொஞ்சம் மிடுக்கு உண்டு. மற்றபடி சட்டம் என்றால் பயப்படுகிற மனுஷன். தேர்தல் அறிவித்தால் மறுநாளே துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். ரசீதை மனைவி ஆராயியின் மஞ்சள் டப்பாவில் பத்திரப்படுத்துவார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு நாள் கூடத் தாமதித்ததில்லை.

அவருக்கு எழுதப் படிக்க வராது. எனக்கு வரும். வினையே அதுதான்.

1973-ல் சரஸ்வதி பூஜைக்குக் கல்வி அதிகாரி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பள்ளியில் பூஜைக்கு வைக்க என்ன இருக்கிறது? பிள்ளைகளின் புத்தகம், ஒரு மண்வெட்டி, பியூன் அடிக்கிற வெண்கல மணி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் தையல் மிஷின் வைப்பார்களாம். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. அருணகிரியைப் பள்ளிக்குக் கூப்பிட்டு, "உங்க துப்பாக்கியைக் கொண்டாந்து வைங்களேன், எடுப்பா இருக்கும்" என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"சார், இத்த ஒருவாட்டி படிச்சி சொல்லுங்க. எங்கெங்க எடுத்தும் போவக் கூடாதுன்னு இதுல போட்டுக்கீதாமே?"

படித்தேன். திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்ற இடங்களுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று இருந்தது. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பள்ளிக்கூடம்னு எங்கேயாவது போட்டிருக்கா? இல்லையே. தாராளமா கொண்டு வாங்க."

பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி கொண்டு போகாதே என்று எழுதி வைக்க வேண்டிவரும் என்று யாருக்குத்தான் தோன்றும்? தலைமை ஆசிரியர் ஒருவரே வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைப்பார் என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பார்கள்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் அருணகிரி வழக்கம்போல் குழாயில் வெடிமருந்தும் ஈய ரவையும் இடித்துப் போட்டிருக்கிறார். பன்றி வரவில்லை. அந்த மாதிரித் துப்பாக்கியை நிரப்பிவிட்டால் சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். வழக்கமாகக் காலையில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து முடித்துவிடுவார். ஆனால் விடிந்தால் ஆயுத பூஜை. அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் வேலை வாங்கக் கூடாது. ஏரையே ஓட்டாத நாளில் துப்பாக்கியைச் சுடலாமா? சுடாமலே எண்ணெய் போட்டுத் துடைத்தார், சந்தனம் குங்குமம் வைத்தார், கொண்டு வந்தார். மருந்தைப் பற்றவைக்கிற சின்னச் செப்புத் தொப்பிக்குக் 'கேப்' என்று பெயர்; அந்தக் கேப்பைக் கழற்றிவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறார்.

பூஜை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. துப்பாக்கியின் குதிரை, அதாவது கேப்பை அடிக்கிற இரும்பு, கேப்பின் மேலேயே படுத்திருந்தது; ஒரு இடி பட்டால் வெடித்துவிடும். அதன் மேல் அவரே வைத்த குங்குமம்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அதிகாரி அவர் தோளைத் தட்டி, "இதுவரைக்கும் எத்தனை பன்றி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பேர் நடுவில், கேப்பைக் கூடக் கழற்றத் தெரியாதவன் என்று பெயர் எடுக்க வேண்டுமா? தவிர, பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொட மாட்டார்கள். வகுப்பையும் பூட்டிவிடுவார்கள். காலையில் முதல் ஆளாக வந்து எடுத்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போய்விட்டார். இதையெல்லாம் பிற்பாடு அவரே சொன்னார், ஒரு வார்த்தை கூட மழுப்பாமல்.

விஜயதசமி அன்று ஏழு மணிக்கே வந்தார். ஆனால் ஆறரைக்கே ஊர் வந்துவிட்டது. புதிதாகச் சேர்க்கிற குழந்தைகள், தட்டில் பச்சரிசி, வெல்லம், தாய்மார்கள். அருணகிரி கூட்டத்தில் நுழைந்து என் பக்கத்தில் வந்து, "சார், ஒரு வார்த்த" என்றார்.

"அப்புறம் பேசலாம் அருணகிரி, நல்ல நேரம் போகுது."

"இல்ல சார், அந்தத் துப்பாக்கி..."

"எடுத்துட்டுப் போகலாம், இருங்க. ஏன் பறக்குறீங்க?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ரத்னா டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து படித்து வந்த பெண். அவள் குப்பத்திலிருந்து வாத்தியார் வேலைக்கு வந்த முதல் ஆள். கரும்பலகையில் அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஊரில் எல்லோரும் தங்கள் குழந்தைக்கு அவள் கை பிடித்துத்தான் முதல் எழுத்து எழுத வேண்டும் என்பார்கள். மடியில் லதா என்ற குழந்தை. அதன் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கற்பூரம் காட்டிவிட்டு, "அவங்கவங்க புஸ்தகத்தை எடுத்துக்கோங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பெண் அடியிலிருந்த தன் புத்தகத்தை இழுத்தாள். அடுக்கு சரிந்தது. சாய்த்து வைத்திருந்த துப்பாக்கியும் மாலையோடு சரிந்தது. குதிரை சிமெண்டுத் தரையில் மோதியது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிசித் தட்டு பறந்துவிட்டது. ரத்னாவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, அருணகிரி தன் வேட்டியைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றிப் பிடித்தபடி வந்தார். வழி முழுக்க, "எனக்குத் தெரியும்மா, எனக்குத் தெரியும்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீஸ் விசாரணை என் அறையில்தான் நடந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு எடுத்தாரச் சொல்லி உனக்கு யார் சொன்னது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அருணகிரி என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். எனக்கு இரண்டு பெண்கள், ஓய்வுக்கு ஆறு வருஷம். நான் மேஜை மேலிருந்த பூகோள உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல சாமி. நானாத்தான் எடுத்தாந்தேன்."

மூன்று மாதம் உள்ளே இருந்தார். லைசென்ஸ் போனது. அந்தப் பருவம் முழுக்க ஆராயி தனியாகத் தகரம் தட்டிப் பன்றி விரட்டினாள். நான் தினமும் அந்தக் கொல்லை வழியாகத்தான் சைக்கிளில் பள்ளிக்குப் போனேன். ஒரு நாளும் இறங்கவில்லை.

வெளியே வந்த அருணகிரி முடங்கிக் கிடக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீடு ஒவ்வொன்றாக நடந்தார். "கேப்பக் கழட்டுங்க, கொழந்தைங்க கைல எட்டாத எடத்துல வச்சிப் பூட்டுங்க, மறந்துட்டா வாயத் தொறந்து சொல்லுங்க. நான் வெக்கப்பட்டுகினு சொல்லாம வுட்டேன், ஒரு பொண்ணு கை போச்சி" என்பார். சிலர் மோர் கொடுத்தார்கள். சிலர் துரத்தினார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் பள்ளிக்கூடம் என்றும் ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லி வருஷா வருஷம் கலெக்டருக்கு மனு போட்டார். அந்த மனுவை எழுதித் தரும்படி என்னிடம்தான் வருவார். எழுதினேன். அதை எழுதிய கை எனக்கு இன்னும் முழுசாக இருக்கிறது.

1978 சரஸ்வதி பூஜைக்கும் வழக்கம்போல் பள்ளி வாசலில் நின்று, யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, பூஜை நடக்கிற வகுப்புக்குள் வந்து பெற்றோர் முன்னால் தன் கதையைச் சொன்னார். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"ஏன்யா, பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி எடுத்தார உனக்கு எவன்யா புத்தி சொன்னது?"

"யார் சொல்லணும்? நாந்தான்" என்றார் அருணகிரி.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, நான் எழுந்துவிட்டேன். "நான்தான் கொண்டு வரச் சொன்னேன். புத்தகத்தைப் படிச்சு, தப்பில்லைன்னு சொன்னதும் நான்தான்" என்றேன். அருணகிரி தலையைக் குனிந்துகொண்டு, "வுடுங்க சார்" என்றார், தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் அவர் மாதிரி.

ரத்னா கரும்பலகையில் இடது கையால் கோணல் மாணலாகப் பூஜை நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தெரியும் சார்" என்றாள். "அன்னிக்கி நீங்க அந்தப் புஸ்தகத்தைப் படிச்சிக் காட்டும்போது பக்கத்து கிளாஸ்லதான் இருந்தேன். நீங்களா எப்ப சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன். அஞ்சு வருஷம் ஆச்சி."

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதினாள். நான் உட்காரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.